வேகமான திரை

"பஸ்ஸே மணிக்கு ஒண்ணுதான் வருது..."

"அதுக்கும் இதுக்கும் என்ன..."

"நான் முடிச்சுக்கிறேன். மணிக்கு ஒண்ணு வர்ற பஸ்ஸுக்கு நேரம் எழுதுற திரை, எதுக்குங்க செகண்டுக்கு நூத்திநாப்பத்திநாலு தடவை மாறணும்?"

"கண்ணுக்கு நல்லதாம்."

"யாரு கண்ணுக்கு?"

கணினிக் கடைக்காரருக்கு இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக் கழுத்து வலி கண்டுவிட்டது. கணவர் பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போடுகிறவர். மனைவி தையல்காரி. கடைக்கு வந்தாலும் கழுத்திலிருந்து அளவு நாடாவைக் கழற்ற மறந்துவிடுகிறவள்.

தினமும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை கதவைச் சாத்திக்கொண்டு அட்டவணைக்காரர் பார்ப்பது ஆபீஸ் வேலை அல்ல, கணினியில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. ஐந்து பேர் கொண்ட குழு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது கிடையாது, பேச்செல்லாம் எழுத்தில்தான். அங்கே அவர் பெயர் முயல். தலைவர் பெயர் கழுகு. பழைய திரையில் எதிரி வந்தது தெரிவதற்குள் முயல் செத்துக் கிடக்கும். நேற்று கழுகு எழுதிவிட்டார்: 'நாளைக்குப் போட்டி. ஆறு மணிக்குள் திரையை மாற்று. இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்.'

பதினெட்டு வருட ஆபீஸ் வாழ்க்கையில் அவரை ஒருவரும் மெச்சியதில்லை. கழுகு ஒரே ஒரு தடவை 'சபாஷ் முயல்' என்று எழுதியிருந்தார். அதை விட்டுவிட அவருக்கு மனசில்லை.

"இதை எடுத்துக்குங்க சார்," என்றார் கடைக்காரர். "எதிரி மூலையில தலைகாட்டினாலே..."

அட்டவணைக்காரர் அவர் காலை மிதித்தார்.

"எதிரியா?" என்றாள் மனைவி.

"எதிர்ல வர்ற பஸ்ஸைச் சொல்றாரு."

அவள் நாடாவை எடுத்துத் திரையின் குறுக்கே வைத்தாள். "இருபத்தேழு அங்குலம்னு எழுதியிருக்கீங்க. இருபத்துமூணரைதான் இருக்கு."

"மூலைக்கு மூலை அளக்கணும்மா."

"நான் யாருக்கும் மூலைக்கு மூலை அளந்து சட்டை தைச்சதில்லை. அதுவும் போக, துணி மாதிரி வளைஞ்சு கிடக்கு. வெயில்ல வச்சுட்டீங்களா?"

"செய்யறப்பவே அப்படித்தாம்மா. வளைஞ்ச திரை."

இனி சும்மா இருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று அட்டவணைக்காரர் குறுக்கே விழுந்தார். "வளைவு நெளிவான ரோட்டுக்கு நேரம் போடறப்ப இதுதான் வசதி."

முதல் அலசலிலேயே சாயம் போன துணியைப் பார்ப்பது போல அவள் அவரைப் பார்த்தாள். "அப்ப நேரான ரோட்டுக்கு இன்னொண்ணு வாங்கணுமா?"

"இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்க மேனேஜர்கிட்டயே கேட்டுடறேன். அவருக்குத் தெரியாத ஆபீஸ் வேலையா?"

மேனேஜர் வீட்டம்மாவுக்குத் துணி தைப்பது அவள்தான். எண் கையிலேயே இருந்தது. மேனேஜரோ, தாமதமாக வருகிறவரிடம் வாய் திறக்காமல் சுவர்க் கடிகாரத்தை மட்டும் விரலால் காட்டுகிற ஆள்.

அவள் போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். இரண்டு கையும் மிஷினில் இருக்கிறவள். போனைக் காதில் வைத்துப் பேசுகிற பழக்கமே அவளுக்குக் கிடையாது.

"சார், வேகமான திரைதான் வேணும்னு இவரு ஒத்தைக்கால்ல நிக்கிறாரு. தெனம் ஆறுலேருந்து எட்டு வரைக்கும் உங்க வேலையத்தான் பாக்கறாராமே?"

போனில் மேனேஜர் குரல் கேட்டது.

"ஆறுலேருந்து எட்டா?"

"ஆமா சார். கதவைச் சாத்திக்கிட்டு."

"இப்ப இருக்கிற திரைல படம் இழுத்து இழுத்து வருமோ?"

"அம்புக்குறிய நகத்தினா, அது யோசிச்சுட்டுத்தான் சார் நகரும்."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் ஓசை.

"வாங்கிடும்மா. இருக்கிறதுலயே வேகமானதா வாங்கிடு. ரொம்ப முக்கியமான வேலை. நான்தான் அவர்கிட்ட ஒப்படைச்சிருக்கேன்."

அட்டவணைக்காரர் போனையே உற்றுப் பார்த்தார். இந்த மனிதரா தனக்காகப் பொய் சொல்கிறார்? பதினெட்டு வருடமாக இவரையா தவறாக நினைத்தோம்?

மனைவியின் முகம் இளகிவிட்டது. "கட்டிக் குடுங்க," என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள். "இவ்வளவு பெரிய வேலையைத் தலைமேல போட்டுக்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? நான் வேற உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்."

"பரவால்ல விடு," என்றார் அவர், பெருந்தன்மையாக.

"போனைக் கொஞ்சம் அவர்கிட்ட குடும்மா," என்றார் மேனேஜர்.

அவள் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். முழங்கையால் போனை அவர் பக்கம் தள்ளினாள். "பேசுங்க."

"சார், நான்தான்," என்றார் அவர், குழைந்து.

மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனாலும் ஸ்பீக்கரில் அது கடைசி அலமாரி வரைக்கும் கேட்டது.

"யோவ் முயலு, ஆறு மணிக்குள்ள மாட்டிட்டு வந்துடு, கழுகு பேசறேன், எங்க வீட்லயும் ஆபீஸ் வேலைன்னுதான் சொல்லி வச்சிருக்கேன், தையக்காரம்மா காதுக்கு மட்டும் போயிடாமப் பாத்துக்க."