அசைந்தால்தான் வெளிச்சம்

கண் பார்ப்பதை நம்பாமல் கைபேசி சொல்வதை நம்பும் மனிதர்கள் என்று ஓர் இனம் நம் நடுவே பெருகி வருகிறது. அடையாளம் கண்டுகொள்வது எளிது. இருட்டான அறைக்குள் நுழைந்ததும் மற்றவர்களின் கை சுவர்ப்பக்கம் போகும். இவர் கை சட்டைப்பைக்குப் போகும். யாராவது "லைட்டைப் போடுங்க" என்றால், "இருங்க, அதுவா எரியும்" என்பார். எரியாது. "நெட்டு கொஞ்சம் மெதுவா இருக்கு" என்பார். அத்தனை பேரும் இருட்டில் நின்று காத்திருப்பார்கள். கடைசியில் எரிந்ததும், சூரியனையே கையால் தூக்கி வைத்தவர் போல ஒரு முறை சுற்றிப் பார்ப்பார்.

இந்த இனத்தில் நல்ல முற்றிய மாதிரி ஒன்றைப் பார்க்க வேண்டுமா? அருப்புக்கோட்டைக்கு வந்து பொன்ராஜ் அண்ணாச்சியைக் கேளுங்கள்.

அண்ணாச்சிக்குக் கீழே பலசரக்குக் கடை. மாடியில் ஒரு நீளமான ஹால். அதை மூன்றாகப் பிரித்து மூன்று பேருக்கு விட்டிருக்கிறார். ஜெராக்ஸ் எடுத்து ஆன்லைனில் விண்ணப்பம் அனுப்பும் தங்கச்செல்வி ஒரு பக்கம். இன்சூரன்ஸ் பிடிக்கும் மாரிச்சாமி ஒரு பக்கம். மூலையில் சௌந்தரம். கல்யாணப் பிளவுஸ் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஆரி ஊசியால் ஜரிகையும் பாசியும் கோத்துக் கொடுப்பது அவள் தொழில்.

போன சித்திரையில் அண்ணாச்சி மதுரையில் ஒரு கண்காட்சிக்குப் போனார். போனவர் சும்மா திரும்பவில்லை. ஒவ்வொருவர் தலைக்கு மேலேயும் ஒரு சென்சார் வந்தது. ஆள் அசைந்தால் விளக்கு எரியும். ஐந்து நிமிடம் அசைவில்லை என்றால் அணையும். அசையும் நேரத்தை மட்டும் கூட்டி, எங்கே ஆள் உண்டு, எங்கே இல்லை என்று அண்ணாச்சியின் போன் காட்டும். சுவரில் இருந்த சுவிட்சுகளை எல்லாம் கழற்றிச் சிமெண்ட் பூசியாயிற்று.

முதல் நாள் ஜன்னல் வழியே நல்ல வெயில். இவ்வளவு வெளிச்சம் இருக்கும்போது எதற்கு என்று நினைத்தோ என்னவோ, சென்சார் ஒரு விளக்கைக்கூட எரியவிடவில்லை. வாங்கி மாட்டிய சாமான் வேலை செய்யாமல் இருக்கலாமா? அண்ணாச்சி இரண்டு ஜன்னலுக்கும் கறுப்புத் தாள் ஒட்டினார். விளக்குகள் எரிந்தன. "பாத்தீகளா, இனிமே கரண்டு எவ்வளவு மிச்சம்!" என்றார். மூன்று பேரும் அவரவர் வேலையைப் பார்க்கத் திரும்பினார்கள். சொல்லி என்ன ஆகப் போகிறது?

மாரிச்சாமிக்கு இந்த ஏற்பாடு பொருந்திப் போயிற்று. நடந்துகொண்டே போனில் பேசுகிறவர் அவர். அவர் விளக்கு அணைந்ததே இல்லை. தங்கச்செல்வி காகிதம் எடுக்க எழுந்து எழுந்து போவாள், அவளுக்கும் பாதகமில்லை. சௌந்தரத்தின் வேலையில் அசைவது இரண்டு விரல்தான். உடம்பு ஆடினால் ஊசி தவறும், பட்டுத் துணி கிழியும். ஆகவே, எவ்வளவு கவனமாக வேலை செய்தாளோ அவ்வளவு சீக்கிரம் இருட்டில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு முறையும் இடக்கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுவாள், வெளிச்சம் வரும். அவளிடம் புதிதாக வரும் பெண்கள், தங்களுக்குத்தான் கை காட்டுகிறாள் என்று திருப்பிக் காட்டிவிட்டுப் போவார்கள்.

"ஏத்தா, சாமியாடிக்கிட்டே தச்சுப் பாரேன்" என்பார் மாரிச்சாமி.

"ஊசி கைல ஏறுனா உங்க பாலிசில குடுப்பீகளாண்ணே?"

அதற்குப் பிறகு மாரிச்சாமிக்கு உடனே ஒரு போன் வந்துவிடும்.

மாதம் முடிந்ததும் அண்ணாச்சி மாடிக்கு வந்து போனைப் பார்த்துப் படித்தார்.

"மாரிச்சாமி பத்து மணி நேரம். தங்கச்செல்வி எட்டு. சௌந்தரம், நீ ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரந்தான் வந்திருக்கே."

"அண்ணாச்சி, காலைல ஏழுக்கே வாரேன், ஆறு மணி பஸ்ஸுக்குத்தான் போறேன். நீங்களே தெனமும் பாக்குறீகள்ல?"

"நான் பாக்குறேம்மா. இதுல இல்லையே."

"நான் இருக்கேன்ல அண்ணாச்சி!"

"நீ இருக்கே. இதுல இல்லை" என்றார் மறுபடியும், வருத்தத்தோடுதான். "கூரியர்காரரு இடம் கேட்டுக்கிட்டே இருக்காரு. இன்னும் பத்து நாள் பாப்பேன். இதே மாதிரி காட்டுச்சுன்னா அந்த மூலையை அவருக்குக் குடுத்துருவேன். காலி இடத்தை எத்தனை நாளைக்குச் சும்மா போட்டு வைக்க?"

காலி இடத்தில் உட்கார்ந்திருந்த சௌந்தரம், தன் சட்டத்தை ஒரு முறை நீளவாக்கில் அளந்து பார்த்தாள். ரெட்டியபட்டியில் அவள் வீடு ஒற்றை அறை. ஆறடிச் சட்டத்தை விரித்தால் ஆள் படுக்க இடம் இருக்காது. மூலை போனால் ஆவணி முகூர்த்தத்துக்குப் பிடித்து வைத்திருந்த பதினோரு பிளவுஸும் போகும். டவுனுக்கு வந்து தேடுகிற ஆட்களும் போவார்கள்.

மேசை விசிறியில் துப்பட்டாவைக் கட்டிப் பறக்கவிட்டுப் பார்த்தாள். சென்சார் ஏமாறவில்லை. உடம்புச் சூடு உள்ளது அசைந்தால்தான் அது மதிக்கும் என்று தங்கச்செல்வி எங்கோ படித்துச் சொன்னாள். சௌந்தரம் அன்று மாலை முழுக்க யோசித்தபடியே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை ரெட்டியபட்டியிலிருந்து வந்த ஷேர் ஆட்டோவில் அவள் மடியில் சோற்றுப் பை, காலடியில் ஒரு சிவப்புப் பெட்டைக்கோழி. பட்டுத் துணிக்கு எட்டாத தூரத்தில், ஜன்னல் கம்பியில் அதன் காலைக் கட்டினாள். கீழே பழைய பேப்பர் விரித்து ஒரு பிடி கம்பு தூவினாள். கோழி கொத்தியது, கிளறியது, திரும்பியது, மறுபடி கொத்தியது. விளக்கு அணையவே இல்லை. சௌந்தரம் அத்தனை நாளில் முதல்முறையாக ஒரு முழுப் பூவைக் கை தூக்காமல் தைத்து முடித்தாள்.

அண்ணாச்சி அந்த வாரம் முழுக்க விருதுநகரில் மகள் வீட்டில் இருந்தார். அங்கிருந்து போன் வந்தது.

"சௌந்தரம்! ஒன் மூலைல பத்தரை மணி நேரம் காட்டுது! மாரிச்சாமியவே முந்திட்டியே!"

"எல்லாம் நீங்க சொன்னதுக்கப்புறந்தான் அண்ணாச்சி."

"சொன்னாத்தான் செய்றீக" என்றார் அண்ணாச்சி.

திங்கட்கிழமை நேரில் பாராட்டவே மாடி ஏறி வந்தார். வந்தவர் ஜன்னலடியில் நின்றுவிட்டார். தங்கச்செல்வி எதையோ தேடுவது போல மேசைக்கு அடியில் குனிந்துகொண்டாள். மாரிச்சாமி நடப்பதை நிறுத்திவிட்டார். சௌந்தரம் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, சட்டத்தை எப்படிக் கழற்றுவது, எந்த வண்டியில் ஏற்றுவது என்று மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

அண்ணாச்சி கோழியைப் பார்த்தார். போனைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார்.

"கோழி இருக்கு. இருக்குன்னுதான் காட்டுது. அப்ப சென்சாரு சரியாத்தான் இருக்கு" என்றார். அவர் முகத்தில் பெரிய நிம்மதி.

"அப்ப நான், அண்ணாச்சி?"

"நீதாம்மா அதுக்கு ஒத்துழைக்கலை."

அங்கேயே நின்று கூரியர்காரருக்குப் போன் போட்டு, மூலையில் ஆள் இருக்கிறது, காலி இல்லை என்று சொன்னார். எந்த ஆள் என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. படியிறங்கும்போது நின்று திரும்பினார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன் சௌந்தரம். அதைக் குழம்பு வச்சுராத. மூலை காலியாயிரும்."

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. சற்று முன்னால் உங்கள் வீட்டு மாடியிலிருந்து, "மழை தூறுது, துணியை எடுக்க வாங்க" என்று ஒரு குரல் வந்ததே, அப்போது நீங்கள் எழுந்து போனீர்களா? அல்லது இன்று மழை உண்டா என்று போனைத் திறந்து பார்த்து, இல்லை என்று அது சொன்னதும், "சும்மா கத்தாத" என்று பதில் குரல் கொடுத்துவிட்டு இதைப் படிக்க உட்கார்ந்தீர்களா?

துணி நனைந்திருக்கும். கூப்பிட்டவரும்தான்.