எறியாதீங்க ஆசாமி

எறியாதீங்க ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். அவர் கையில் உமியோ கரும்புச் சக்கையோ இருக்கும். அல்ஜீரியாவில், எங்கள் தோல்காவில், பேரீச்சங்கொட்டை.

அடையாளம் காண்பது எளிது. கல்யாணப் பந்தியில் நாமெல்லாம் பழத்தைப் பார்ப்போம், அவர் நம் வாயைப் பார்ப்பார். நாம் மென்று, மோர் குடித்து, கொட்டையை நாக்கால் ஒதுக்கித் தட்டில் போட்டு, அடுத்த பழத்துக்குக் கை நீட்டித் திரும்பினால், தட்டு காலி. "அதுலேர்ந்து ஒண்ணு செய்யலாம்" என்பார். என்ன ஒன்று? கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்கள் அன்று வேறு வேலை பார்க்கவில்லை.

கொட்டையைக் காற்றுப் படாமல் சுட்டால் கரி. அந்தக் கரியைக் கடுஞ்சூட்டு நீராவியில் மறுபடி வாட்டினால் கண்ணுக்குத் தெரியாத லட்சம் துளைகள் திறந்து, தண்ணீரின் நாற்றத்தையும் நிறத்தையும் உறிஞ்சும் வேறொரு கரி. சுடும்போது வரும் புகையைக் குளிரவைத்தால் புளிப்பு நீர், அது பூச்சி விரட்ட. அடியில் தங்கும் தார் கதவுக்குப் பூச. இவ்வளவையும் எறிகிறீர்களா நீங்கள்?

எனக்கு நன்றாகத் தெரிந்த ஆசாமி என் அப்பா, ஹாஜி பெல்காசெம்.

ரமலானில் மசூதி வாசலில் பையோடு நிற்பார். நோன்பு திறக்க ஆளுக்கு மூன்று பழம், நானூறு பேர், கொட்டைக்கு ஒரு கிராம்; மாலைக்கு ஒரு கிலோ இருநூறு என்பது அவர் கணக்கு. ஒற்றைப்படையாகச் சாப்பிட வேண்டும் என்பது வழக்கம்தான். ஆனால் ஒன்றும் ஒற்றைப்படை என்று நிறுத்திக்கொண்டவர்களை அவர் பார்த்த பார்வையில், இரண்டாவது வாரம் பலர் ஐந்துக்குப் போய்விட்டார்கள்.

முதலில் எங்கள் வீட்டு மண் அடுப்பில்தான் சுட்டார். எங்கள் ஊரில் ரொட்டி சுடுகிறவர்கள் அடிக்கொரு தரம் மூடியைத் தூக்கிப் பார்ப்பார்கள். அப்பாவும் பார்த்தார். காற்று உள்ளே போயிற்று. நாற்பது கிலோ கொட்டை, ஒன்றரைக் கிலோ சாம்பல். அடுத்த இரண்டு மாதம் எங்கள் ரொட்டியில் தார் வாசம்.

"வெந்துச்சான்னு பாக்க இது என்ன ரொட்டியா, ஹாஜி?" என்று கேட்ட என் அம்மா மப்ரூக்கா, அன்றே தீர்ப்பும் சொன்னாள். பெருநாளுக்குள் மூட்டைகள் வெளியே போக வேண்டும். இல்லையென்றால் அவர் போக வேண்டும். பதினோரு பெருநாள் போயிற்று. அவரும் போகவில்லை, மூட்டைகளும் போகவில்லை, பெருகின.

இந்த இனம் யாருக்காவது ஒரு வாக்குக் கொடுக்காமல் இருக்காது. அப்பா கொடுத்தது எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக்கு. அங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கந்தக நாற்றம். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்கள். தன் கரியால் அதைப் போக்கிக் காட்டுவதாகத் தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டார். சோதனை அறிக்கை இல்லாமல் எதையும் தொட்டியில் போட விடமாட்டேன் என்று அந்த அம்மாள் நியாயமாகச் சொன்னார்.

பக்கத்துப் பிஸ்க்ரா நகரில் ஓர் ஆலையின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. கரி எவ்வளவு உறிஞ்சும் என்பதற்கு ஓர் எண் உண்டு. தேற எண்ணூறு வேண்டும். அதன்பின் மூடியைத் தொடாமல் அப்பா சுட்ட கரி நானூற்றிருபது. சொன்னேன்.

"பாதி தாண்டிட்டோமே" என்றார்.

இந்த இனத்துக்குத் தோல்வி தெரியாது. மிச்சம் மட்டும்தான் தெரியும். உடனே பழைய எண்ணெய்ப் பீப்பாய் ஒன்று வந்தது. மூடிக்குக் களிமண் பூச்சு, நீராவிக்கு ஒரு குழாய்.

மார்ச்சில் அப்பா இறந்தார். இதயம். துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காபியும் பேரீச்சையும் வைத்தோம். தட்டுகளில் கொட்டை குவிந்து கிடந்தது. எடுக்க ஆளில்லை.

பின்கட்டில் நாற்பத்தொரு மூட்டை. கூடவே, கடைசி வாரம் அவர் சுட்டு ஆறவிட்ட பீப்பாய், களிமண் பூச்சு உடையாமல்.

ஏழாம் நாள் ஆட்டுத் தீவனக்காரர் லக்தார் வண்டியோடு வந்தார். கூச்சப்பட்டுக்கொண்டே வந்தார். ஆடு அறுக்கும் பெருநாள் நெருங்குகிறது, அரைத்துப் போட்டால் ஆடு கொழுக்கும், வீட்டுக்கும் இடம் கிடைக்கும் என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நீயே சொல், இதெல்லாம் குப்பையா இல்லையா என்றாள். வண்டியை மறுநாள் வரச் சொன்னேன். களிமண் பூச்சை உடைத்துப் பீப்பாயைத் திறந்தேன். உள்ளே சாம்பல் இல்லை. கறுப்பாக, கண்ணாடிபோல் கலகலவென்று கரி. ஒரு குப்பி எடுத்துக்கொண்டு போய் மூன்று முறை சோதித்தேன். மூன்று முறையும் ஒரே எண்.

மறுநாள் லக்தார் முதல் மூட்டையைத் தோளில் தூக்கியிருந்தார்.

"தேறலம்மா. அறுநூத்திப் பத்து" என்றேன்.

"எவ்வளவு வேணும்?"

"எண்ணூறு."

"முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?"

"நானூத்தி இருபது."

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கழிக்கத் தெரியும்.

"லக்தார், மூட்டைய கீழ வைப்பா. ஆட்டுக்கு வைக்கோல் போடு" என்றாள். பிறகு என்னிடம், "மிச்சம் நூத்தித் தொண்ணூறுதான?"

அவ்வளவுதான் விஷயம். இதைப் படித்துவிட்டு, ஏமாந்துபோன லக்தாருக்காக வருத்தப்பட்டவர்கள் நிம்மதியாக இருக்கலாம். உங்களுக்கு ஒன்றும் இல்லை. நீராவியை இன்னும் ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்திருக்கலாமோ என்று எங்கேயோ ஓர் இடத்தில் யோசித்தவர்கள் மட்டும் கொஞ்சம் இருங்கள். உங்கள் வீட்டில் பின்கட்டு இருக்கிறதா? வீட்டிலுள்ளவர்களிடம் இப்போதே பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.

அப்புறம், நாங்கள் ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தோம். போதாது. இரண்டு விடுங்கள்.