ஓமென்று சொன்ன ஸ்பிரிங்

வேகமான கார் வைத்திருக்கும் இளைஞனுக்கு மூளை எஞ்சினுக்குள்தான் இருக்கும். எனக்கும் அங்கேதான் இருந்தது.

அறுபதுகளில் மாத்தளை டவுனில் வாப்பாவுக்கு மிளகுக் கடை. எனக்கு இரண்டு கார்புரேட்டர் பூட்டிய குட்டிக் கார். (கடையைவிடக் காரைத்தான் அதிகம் துடைத்தேன்.) தோட்டத்து மலைப்பாதையில் நடக்கவிருந்த பந்தயத்தில் ஓட ஆசைப்பட்டு, வளைவில் சாயாமல் இருக்க, லொறி வில்லுத் தகட்டைப் பட்டறையில் வெட்டிப் பின்னால் சேர்த்தேன். முன்னுக்கும் தடித்த ஸ்பிரிங். ஸ்பிரிங் விறைத்தால் அதை அடக்குகிற ஷொக் அப்சோபரும் அதற்கேற்ற பலத்தில் இருக்க வேண்டும். ஆனால் வெளிநாட்டுச் சாமான் சுலபத்தில் கிடைக்காத காலம். "பழசே போதும், தடிச்ச ஸ்பிரிங் ஆடாது" என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரத்தோட்டை ஹாஜியார் வந்தார். அவருடைய ஒரே மகளை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கலியாண வீட்டில் அவளைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரோ, "பந்தயப் பைத்தியத்துக்கு மகளக் குடுக்க ஏலாது. ஓட்டுறதப் பாத்துட்டுத்தான் முடிவு" என்று சொல்லிவிட்டார். அலுவிகாரையில் வாப்பாவின் தம்பியான சாச்சா வீட்டில் வாப்பாவும் பள்ளிவாசல் லெப்பையும் அந்த முடிவுக்காகக் காத்திருந்தார்கள். அவரை அங்கே கூட்டிப்போவது என் பொறுப்பு.

முதல் மதகில் கார் எழும்பியது. இறங்கியது. மறுபடி எழும்பியது. அடுத்த மதகு வரும்வரை ஓயவேயில்லை. ஹாஜியாரின் தொப்பி கூரையில் இடித்துக் கண்ணை மூடியது.

"மெதுவாப் போங்க தம்பி!"

"மெதுவாத்தான் மாமா போறேன்!" (உண்மைதான். ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார்.)

சாச்சா வீட்டு வாசலில் மழைத்தண்ணீர் ஓடும் ஒரு கான். அதில் ஏறி இறங்கிக் கார் நின்றது. நாங்கள் நிற்கவில்லை. சாச்சா ஆவலோடு ஜன்னலில் குனிந்தார்.

"என்ன ஹாஜியார், சம்மதந்தானே?"

ஹாஜியார் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. தலை மட்டும் மேலும் கீழும் அழகாக ஆடியது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் சாச்சா. லெப்பை அங்கேயே "அல் பாத்திஹா!" என்று கையேந்த, எல்லாக் கைகளும் உயர்ந்தன. சம்பந்தத்தை உறுதியாக்கிப் பாத்திஹா ஓதும்போது யாரால் 'இல்லை' என்று சொல்ல ஏலும்? ஹாஜியாரும் தொப்பியைத் தூக்கிவிட்டுக் கையேந்தினார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ஓதி முடிந்து எல்லோருக்கும் வாய் இனிக்கச் சீனி கொடுத்த பிறகு அவரிடம் மெல்லப் போனேன். "மாமா, நீங்க ஓமெண்டு செல்லல்லதானே? நானே வாப்பாட்ட செல்லிடுறேன்."

ஆசை கைவிட்டுப் போகிறதென்றுதான் நினைத்தேன். அவர் தொப்பியை நேராக்கிக்கொண்டார்.

"மெதுவாத்தான் வந்தீங்க, அதையும் பாத்தேன். இப்ப செல்லுறேன், ஓம். ஆனா என்ட மகள் ஏறுறதுக்கு முந்தி இந்த ஆட்டத்த நிப்பாட்டணும்."

பந்தயம் நான் இல்லாமலே நடந்தது. பெருநாளும் வந்து போனது. கொழும்பிலிருந்து ஷொக் அப்சோபர் வந்த பிறகுதான் கலியாணத்துக்கு நாள் குறித்தார்கள்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் சம்பந்தம் பேசப்போனால், "அவர் இருக்கிற கதிரைய ஆட்டாமப் புடிங்க, பொறகு கேளுங்க" என்று யாராவது சொல்லாமல் விடமாட்டார்கள். என் மனைவி அதற்குச் சிரிப்பதில்லை. எந்தக் காரானாலும் முன்பக்கத்தைக் கையால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்ப்பாள். ஒரே ஆட்டத்தில் நின்றால்தான் ஏறுவாள்.