அர்ச்சனைச் சீட்டும் என் வேகச் சோதனையும்

சொந்தமாக எழுதிய கணினி நிரலைத் தானே சோதிக்கும்போது மனிதனுக்கு வருகிற கருணை, பெற்ற பிள்ளையிடம்கூட வராது.

நான் செங் தொழிற்பேட்டையில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். மனதில் முழுநேரமும் யாழினி. அவள் அப்பா, புலாவ் செபாங் பக்கத்து எஸ்டேட் அம்மன் கோயில் தலைவர். எங்கள் கல்யாணப் பேச்சு அவருடைய "பாப்போம்" என்ற ஒரு சொல்லில் நின்றிருந்தது. அவரை அசத்த, திருவிழாவுக்கு அர்ச்சனைச் சீட்டு நிரல் எழுதினேன். பெயரைத் தட்டினால், பக்தர் பட்டியலில் தேடி நட்சத்திரத்தோடு சீட்டு அச்சாகும்.

வேகத்தை அளக்க வேண்டுமே? 'பெஞ்ச்மார்க்' என்று பெரிதாகப் பெயர் வைத்து, கோயில் லாப்டாப்பிலேயே என் அம்மாவின் பெயரையே திரும்பத் திரும்பத் தேடவிட்டுச் சராசரி எடுத்தேன். கண் இமைப்பதற்குள் விடை! (எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.) திருவிழாக் காலையில் தலைவருக்கும் அதே பெயரைத்தான் தட்டிக் காட்டினேன்.

"பட்டுனு வருதே தம்பி!" என்று வாய்பிளந்தார்.

பிறகு கூட்டம் வந்தது. மங்களேஸ்வரி, திருமேனி, கவிநேசன்... அம்மாடி, ஒரு தோட்டத்துக்குள் இத்தனை பெயர்களா! ஒவ்வொன்றுக்கும் கோயிலின் பழைய லாப்டாப் பட்டியலைத் தலை முதல் கால் வரை துழாவியது. வரிசை செம்பனை மரங்கள் வரை நீண்டுவிட்டது.

"செப்பாட் லா தம்பி, சீக்கிரம்! சாமி பொறப்படப் போவுது!" என்று ஓர் அக்கா கையிலிருந்த தேங்காயை ஓங்கினார். தலைவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அப்போது அம்மா தட்டோடு வந்தார். பெயரைத் தட்டினேன். விரலை எடுப்பதற்குள் சீட்டு வந்து விழுந்தது.

கூட்டம் எட்டிப் பார்த்தது. "ஆத்தா ஒங்கள மட்டும் ஒடனே கூப்புட்டுட்டா அக்கா!" என்று தேங்காய் அக்கா அம்மாவைக் கும்பிட்டார்.

எனக்கும் புல்லரித்தது, காரணம் வேறு. ஒருமுறை தேடிய பெயரை நிரல் நினைவில் வைத்துக்கொண்டு, மறுமுறை தேடாமலே நீட்டியிருக்கிறது. நான் அளந்தது தேடும் வேகத்தை அல்ல, ஞாபகத்தை. என் சோதனை ஊரில் குடியிருந்தது அம்மா ஒருவர்தான். கேட்டதை மட்டும் அப்படியே செய்த அந்த இயந்திரத்தின் விசுவாசத்தில் மலைத்துப்போய் நின்றேன்.

பக்கத்தில் நின்ற யாழினி லாப்டாப்பை மூடிவிட்டுப் பேனாவால் சீட்டு எழுதத் தொடங்கினாள். சாமி நேரத்துக்குப் புறப்பட்டது. நடந்ததைத் தலைவரிடம் திக்கித் திணறி விளக்கினேன்.

"அப்ப ராத்திரி பகலா அம்மா பேரையேவா போட்டுக்கிட்டு இருந்தே?" என்று கேட்டவர், கொஞ்சம் யோசித்தார். "பெத்தவங்கமேல இவ்ளோ பாசமா... சரி, பேசலாம் லா."

அம்மா இன்றுவரை அதை ஆத்தாவின் அருள் என்றே நம்புகிறார். வீட்டில் நான் எதையாவது "இதோ, ஒரு நொடியில முடிச்சிடுறேன்" என்றால் போதும், யாழினி நிமிர்ந்து பார்ப்பாள்.

"எல்லாருக்குமா, இல்ல ஒங்க அம்மாவுக்கு மட்டுமா?"