டேங்கருக்குப் பின்னால் அம்மா

மின்சாரக் கார் வாங்கியவன் முதலில் வாயை மூடக் கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு அது வரவில்லை. கார் வந்த நாள் முதல், பெட்ரோல் போடுகிறவர்களை ஏதோ கெட்ட பழக்கத்துக்கு ஆளானவர்களைப் போலப் பார்த்தேன். (சிக்னலில் பக்கத்து வண்டிக்காரரிடம் என் மனைவி எனக்காக மன்னிப்பே கேட்டிருக்கிறாள்.)

சிக்கல் என்னவென்றால், நான் நைனா என்று கூப்பிடும் என் அப்பா, தண்டையார்பேட்டையில் காலமெல்லாம் எண்ணெய் டேங்கர் ஓட்டியவர்.

“எண்ணெய்க்கோசரம் எத்தினி நாளிக்கு அடுத்த நாட்டுக்காரன் வாசல்ல நிக்கிறது, நைனா?” என்பேன்.

“உன் காருக்குக் கரண்டு இன்னா ஆகாசத்துலேர்ந்தா வருது? எண்ணூர்ல கரி எரிச்சி வருது. அந்தச் சாம்பலு உன் மாமன் வூட்டு மேலதான் வுயுது” என்பார்.

“துன்னுட்டு சண்ட போடுங்க” என்று அம்மா தட்டை வைப்பார். விவாதம் அத்துடன் முடியும்.

அப்பாவின் டேங்கரில் ஒரு தடவையாவது ஏற வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. டேங்கரில் குடும்பத்தை ஏற்றக் கூடாது என்பது விதி. அப்பா விதியை மீறாதவர். எண்ணெய் ஏற்றும்போது சின்னப் பொறிகூடப் பறக்கக் கூடாதென்று பேட்டரியை அணைத்தே பழகியதால், ஓய்வு பெற்ற பிறகும் படுக்கும் முன் வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுவார், ஃபிரிட்ஜ் உட்பட. பின்னாலேயே அம்மா போய் ஃபிரிட்ஜைப் போடுவார். என் கார் சார்ஜரையும் அவர்தான் போட்டுவந்தார் என்பது எனக்குத் தெரியாது.

அம்மாவைத் தகனம் செய்த மறுநாள் காலை, எண்ணூரில் அவர் பிறந்த குப்பத்தில் அஸ்தி கரைக்கக் கிளம்பினோம். மாமா அங்கே படகோடு காத்திருந்தார். மொட்டைத் தலையும் வேட்டியுமாக நான் ஓட்ட, பக்கத்தில் அப்பா கலசத்தை மடியில் வைத்துக்கொண்டார். என் காரில் அவர் ஏறியது அன்றுதான். சார்ஜ் அடிமட்டத்தில் இருந்தது.

“போயிடும் நைனா” என்றேன், பெரிய நிபுணன் மாதிரி.

திருவொற்றியூர் தாண்டி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. “வண்டி செத்துப்போச்சி நைனா” என்றேன். (அன்றைக்குப் பார்த்து அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்த அறிவாளி நான்தான்.)

அப்பா கலசத்தைப் பார்த்தபடி சொன்னார்: “ராத்திரி நான்தான் சுச்சை அணைச்சேன். தெனம் பண்றதுதான். அவ போய் போட்டுடுவா.”

தகனத்தில் வராத அழுகை அப்போது வந்தது. ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதேன். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன.

லோடு இறக்கிவிட்டு வந்த காலி டேங்கர் ஒன்று பக்கத்தில் நின்றது. ஓட்டியவர் அப்பாவின் பழைய தோஸ்து.

“இன்னா அண்ணாத்த, நடுரோட்ல குந்திகினு கீற?” என்றவர், கலசத்தைப் பார்த்ததும் இறங்கிக் கயிற்றை எடுத்தார்.

இழுத்துப் போனால் மோட்டார் கெட்டுவிடும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. சொல்ல வாயெடுத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். (கார் வாங்கியதிலிருந்து முதல் தடவை.)

கயிறு விறைத்து கார் நகர்ந்தது. அப்பா கலசத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

“பாத்துக்கோ. இவ்ளோதான் டேங்கரு. இதுக்குத்தான் அம்மாம் ஆசப்பட்ட” என்றார். கடற்கரை வரை அழுதுகொண்டே வந்தார்.

மோட்டார் கெட்டு, கார் வெகுநாள் பட்டறையில் கிடந்தது. மின்சாரக் காரை எண்ணெய் வண்டி இழுத்து வந்த கதையை மாமா இன்றும் எல்லா விசேஷத்திலும் சொல்கிறார். அப்பாவும் சிரிப்பார்.

படுக்கும் முன் எல்லாவற்றையும் இன்னும் அணைக்கிறார். பின்னாலேயே நான் போய்ப் போடுகிறேன்.

“நீ போட்டா சத்தம் கேக்குதுடா” என்கிறார் இருட்டிலிருந்து. “அவ போட்டா கேக்காது.”