சத்தமில்லாமல் இழுத்த ஒயர்

ஃபோர்சா,
டிசம்பர் இரண்டாம் வாரம்.

அன்பும் மரியாதையும் மிகுந்த அக்கா ஐலிக்கு, தம்பி வில்ஹோ எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். என் இடது முழங்காலைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. அங்கு கோட்காவில் நீயும், உன் புது இடுப்பு எலும்பும், துறைமுகக் காற்றும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. அதைக் காலில் மட்டும் போடவில்லை. வேறு எங்கெங்கே போட்டேன் என்பது பின்னால் வரும்.

முதலில் விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு நீ இங்கே வர வேண்டும். போன வருஷம் வந்தவள் கோட்டைக் கழற்றாமலே மேஜையில் உட்கார்ந்தாய், கையுறையோடு முள்கரண்டியைப் பிடித்துப் பன்றித் தொடையைச் சாப்பிட்டாய், "தம்பி, கோட்டு இல்லாம உக்கார முடிஞ்சா அடுத்த வருஷம் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு மறுநாளே ரயிலேறிவிட்டாய். என் வீட்டுக்காரி கெர்ட்டு இறந்த பிறகு எனக்கென்று இருக்கிற கிறிஸ்துமஸ் நீ ஒருத்திதான். இதையெல்லாம் போனில் சொல்ல எனக்கு நாக்கு எழாது, அதனால்தான் கடிதம். நீ ரயிலேறிய அன்றைக்கே முடிவு செய்தேன், எப்பாடு பட்டாவது இந்த வீட்டைச் சூடாக்கிக் காட்டுவது என்று. அதில் பட்டதைத்தான் இனி எழுதப் போகிறேன்.

நான் எங்கள் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவன் என்பது உனக்குத் தெரியும். தேர்தல் கூட்டத்துக்கு வராத ஒரே ஆள் நான் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஊருக்குப் பொதுவான கொதிகலனிலிருந்து வெந்நீர் பூமிக்கடியில் வந்து, எங்கள் அடித்தளத்தில் ஏறி, வீடு வீடாக ஜன்னலுக்குக் கீழே இருக்கிற இரும்பு ரேடியேட்டருக்குப் போய் அறையைச் சூடாக்குகிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே அளவுதான். அதில் மேல் மாடிக்காரர்களுக்கு வேர்க்கும், கீழ் வீட்டில் எனக்குப் பல் தந்தியடிக்கும். ஆகவே நான் ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தேன். வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதன் நடுவில் ஒரு திருகு. நமக்கு எத்தனை டிகிரி வேண்டுமோ அதில் வைத்துவிட்டால், அறையின் சூட்டைப் பெட்டியே அளந்து, ஒயர் வழியாக அடித்தளத்தில் உள்ள பெரிய பெட்டிக்குச் சொல்லும். பெரிய பெட்டி அந்த வீட்டுக் குழாயைத் திறக்கும், போதும் என்றால் மூடும். கைபேசியிலும் பார்த்துக்கொள்ளலாம். கூட்டத்தில் யாரும் எதிர்க்கவில்லை. ஆதரிக்கவும் இல்லை. எல்லாரும் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒருமனதாக நிறைவேறியது.

ஒயர் இழுக்கிற வேலையை நாமே கூடிச் செய்துவிடலாம், கடைசியில் பட்டாணி சூப்பும் பன்னும் காபியும் வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். எலெக்ட்ரீஷியன் ரய்மோ வந்தார். பேச்சைச் சிக்கனமாகச் செலவழிக்கிற இந்த ஹாமே மண்ணிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், கதவைத் தட்டும்போதுகூட இரண்டு விரல் போதும் என்று நினைக்கிறவர். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு ஒயரைச் சுவருக்குள் இருக்கிற பழைய புகைபோக்கி வழியாக அடித்தளத்துக்கு இறக்கினோம். பன்னிரண்டு வீட்டு ஒயரும் கீழே ஒரே கொத்தாகத் தொங்கின. எது யாருடையது என்று தெரிய வேண்டுமல்லவா? ரய்மோ சொன்னார்: "நான் கீழ நிக்கறேன். ஒவ்வொருத்தரா ஒயரை ஒரு இழு இழுங்க. இழுத்துட்டு உங்க வீட்டு நம்பரைச் சத்தமாச் சொல்லுங்க." இவ்வளவுதான் வேலை. பச்சைப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

அக்கா, நீயே சொல், நம் ஆட்கள் புகைபோக்கிக்குள் தலையை விட்டுக் கத்துவார்களா? படிக்கட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கதவுக் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்து, ஒருவரும் இல்லை என்று உறுதியான பிறகுதான் குப்பை கொட்டவே வெளியே வருகிறவர்கள் நாங்கள். பொது இடத்தில் சத்தம் கூடாது என்று விதிப் பலகை வேறு இருக்கிறது, அதை எழுதி மாட்டியதும் நான்தான். ஆகவே எல்லாரும் ஒயரைப் பதமாக இழுத்தோம். வேறு யாராவது முதலில் கத்தட்டும் என்று மரியாதையோடு காத்திருந்தோம். பதில் வராததால் இன்னொரு முறை இழுத்தோம். கீழே ரய்மோவுக்கு இரண்டு இரண்டு ஒயராக ஆடியிருக்கிறது. மேலே வந்து "இப்போ இழுத்தது யாரு?" என்று கேட்டால் எல்லாருக்கும் சங்கடமாகிவிடும் என்று அவருக்கும் தோன்றியிருக்கிறது. மனசுக்குச் சரி என்று பட்டபடி நம்பர் சீட்டை ஒட்டிவிட்டார். எதிர்வீட்டு எய்னோ மட்டும் கத்தினார். அவர் கரேலியப் பக்கத்து ஆள், அங்கே எல்லாருக்கும் வாய் ஓயாது. வீட்டு நம்பர், தன் பெயர், செத்துப்போன அவர் நாயின் பெயர், வெளியே பனி கொட்டுகிற சேதி, எல்லாவற்றையும் சொல்லி முடித்துத்தான் தலையை வெளியே எடுத்தார். எங்களுக்கெல்லாம் கூச்சத்தில் காது சிவந்துவிட்டது. அவர் வீட்டுக்கு அன்று முதல் ஒரு குறையும் கிடையாது.

எல்லாம் பூட்டி முடித்ததும் பெரிய பெட்டியில் பன்னிரண்டு பச்சை விளக்கும் எரிந்தன. ரய்மோ ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எல்லா வீடும் பேசுது" என்றார். இந்தக் கட்டடம் எழும்பிய நாளிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை இதைப் பற்றி யாரும் சொன்னதில்லை. நான் பெருமையோடு வீட்டுக்கு வந்து, உன்னை நினைத்துக்கொண்டு, திருகை இருபத்திரண்டில் வைத்தேன்.

அன்றிலிருந்து வீடு குளிரத் தொடங்கியது. இருபத்திரண்டு கேட்டால் பதினேழு வருகிறது. இருபத்தைந்து கேட்டால் பதினாறு. கூட்டக் கூட்டக் குறைகிறது. புது யந்திரம், பழகட்டும் என்று பொறுத்துப் பார்த்தேன். வீட்டுக்குள் கோட்டு, அதற்கு மேல் கெர்ட்டுவின் சால்வை, தலையில் காது மூடும் தொப்பி. உன் காலுறையில் ஒரு ஜோடியைக் கைக்குப் போட்டுக்கொண்டேன். ஒன்றைக் காபிக் குடுவைக்கு மாட்டிவிட்டேன். தலைவனே புகார் சொன்னால் ஊர் சிரிக்காதா? மற்றவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே எல்லாருக்கும் சுகமாகத்தான் இருக்கிறது, என் வீட்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அத்தனை பேரும் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. இந்த அழகில் ஒருநாள் வெளியே போய்ப் பார்த்தால், எனக்கு நேர் மேலே குடியிருக்கிற ஹெல்வி அம்மாள், பனி கொட்டுகிற நேரத்தில், பால்கனியில் கையில்லாத சட்டையோடு நின்று பத்திரிகையால் விசிறிக்கொண்டிருக்கிறார். ஓய்வுபெற்ற பல் டாக்டர், நிதானமான மனுஷி. இவருக்கு என்ன ஆயிற்று என்று கவலையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. நேரில் கேட்பதாவது? அறிவிப்புப் பலகையில், "குளிர்காலத்தில் பால்கனிக் கதவைத் திறந்து வைத்து ஊரைச் சூடாக்க வேண்டாம் - நிர்வாகம்" என்று ஒரு சீட்டு ஒட்டினேன். மறுநாள் அதற்குப் பக்கத்தில் இன்னொரு சீட்டு: "நிர்வாகத்துக்கு வேர்த்தால் தெரியும்." கையெழுத்து இல்லை. எழுத்து மட்டும் மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது.

முடிச்சு அவிழ்ந்தது சானாவில். கட்டடத்துக்குப் பொதுவான அந்த நீராவிக் குளியல் அறையில் சனிக்கிழமை என் முறை முடிந்ததும் ஹெல்வி அம்மாளின் முறை. பதினெட்டு வருஷமாக நான் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிவிடுவேன், அவர் கொஞ்சம் பிந்தி வருவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டி வந்ததில்லை. அன்றைக்கு எனக்கு அந்தச் சூட்டை விட்டு வர மனசே இல்லை. அவரோ வீட்டில் இருக்க முடியாமல் முன்னாலேயே வந்துவிட்டார். நடையில் நேருக்கு நேர். நான் துண்டோடு, வேகவைத்த நண்டு நிறத்தில் நிற்கிறேன்.

"மன்னிக்கணும், சீக்கிரம் வந்துட்டேன்" என்றார். "சானாவுக்கு இல்ல. பச்சைத் தண்ணியில நிக்கலாம்னு. வீடு அடுப்பு மாதிரி கொதிக்குது."

"நான் தொப்பி போட்டுக்கிட்டுத் தூங்கறேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பல்லைப் பார்க்கிற பார்வை. "நீங்க திருகை எப்பக் கூட்டுனீங்க?"

"செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமைதான் என் ஜன்னல்ல செடியெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுச்சு."

அவ்வளவுதான். எங்கள் இரண்டு ஒயரின் நம்பர் சீட்டும் இடம் மாறிப் போயிருக்கிறது. என் அறை குளிர்கிறது என்று என் பெட்டி சொல்லச் சொல்ல, பெரிய பெட்டி அவர் குழாயைத் திறந்திருக்கிறது. தாங்க முடியவில்லை என்று அவர் பெட்டி சொல்லச் சொல்ல, என் குழாயை மூடியிருக்கிறது. சோதித்துப் பார்க்க அவர் மேலே போய்த் தன் திருகைக் கடைசிவரை திருகிவிட்டு என் வீட்டுக்கு இறங்கி வந்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு கையை ரேடியேட்டர் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். நான் காபி போட்டேன். இரண்டாவது கோப்பையில் இரும்பு மெல்ல வெதுவெதுப்பானது. அக்கா, சிரிக்காதே, எனக்குக் கண் கலங்கிவிட்டது. தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தேன்.

ரய்மோ வர ஒரு வாரம் ஆகும் என்றார். அதுவரை என் சூடு அவர் கையில், அவர் சூடு என் கையில். காலையில் போன் அடிக்கும்: "வில்ஹோ, கொஞ்சம் மூடுங்க, வேர்க்குது." நான் மூடுவேன். அப்புறம் நான் அடிப்பேன்: "ஹெல்வி அம்மா, கொஞ்சம் திறங்க." திறப்பார். சூடு வந்துவிட்டதா என்று பார்க்க இறங்கி வருவார். வந்தவருக்குக் காபி தராமல் அனுப்ப முடியுமா? நான் போய்ப் பார்த்தால் அங்கே இலவங்கப்பட்டை பன். அவருக்கும் கணவர் போய் ஒன்பது வருஷம் என்பதும், என் கெர்ட்டுவின் கடைசிப் பல்லைப் பிடுங்கியவர் அவர்தான் என்பதும், ராத்திரி ரேடியோவில் வானிலை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் அவரும் படுப்பார் என்பதும் அந்த வாரத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு ரய்மோ வந்தார். யாரையும் எதுவும் கேட்காமல் வீடு வீடாகப் போய் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, எல்லா ஒயரையும் மாற்றி, எல்லாவற்றையும் நேராக்கிவிட்டுப் போனார். இப்போது அவரவர் சூடு அவரவர் கையில். ஹெல்வி அம்மாளுக்கும் எனக்கும் இனி பேசிக்கொள்ள வேலை ஒன்றும் இல்லை. போன் அடிப்பதில்லை. என் வீடு சொன்னபடி இருபத்திரண்டில் நிற்கிறது. நான் வெறும் சட்டையோடு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இதமாக இருக்கிறது. ரொம்ப அமைதியாகவும் இருக்கிறது.

ஆகவே அக்கா, நீ தைரியமாகப் புறப்பட்டு வா. பெட்டி நீ படுக்கிற அறைச் சுவரில்தான் இருக்கிறது. உனக்கு எத்தனை வேண்டுமோ நீயே வைத்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. கம்பளியெல்லாம் சுமந்துகொண்டு வராதே. உன் இடுப்புக்கும், உன் பூனைக்கும், விசாரித்த எல்லாருக்கும் என் அன்பைச் சொல். உனக்கு நீண்ட ஆயுளும், வழுக்காத நடைபாதையும் அமையட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி வில்ஹோ

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு, தபால் பெட்டிக்குப் போகக் கதவுத் துளையில் கண்ணை வைத்தேன். படிக்கட்டில் ஹெல்வி நின்றுகொண்டிருந்தார். வழக்கப்படி நான் அவர் போகும்வரை காத்திருக்க வேண்டும். கதவைத் திறந்துவிட்டேன். அவர் என் கதவைத் தட்டுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு கொஞ்ச நேரமாக அங்கேயே நின்றிருக்கிறார். "வீட்ல சூடு சரியாத்தான் இருக்கு, வில்ஹோ. அதான் பிரச்சினை" என்றார். பிறகு நாங்கள் ரய்மோவைக் கூப்பிட்டு, எங்கள் இரண்டு பேர் ஒயரை மட்டும் மறுபடி மாற்றிப் போடச் சொன்னோம். அவர் ஏன் என்று கேட்கவில்லை, நம் ஊர்க்காரர். "இந்தத் தடவை இழுத்துட்டுச் சத்தமாச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடித்தளத்துக்குப் போனார். ஆகவே மேலே எழுதியதில் உன் அறையைப் பற்றிய எதையும் நம்பாதே. பெட்டியைத் தொடாதே. குளிர்ந்தால் மேலே போன் பண்ணி ஹெல்வியிடம் கேள். அவர் திறந்துவிட்டு, பார்ப்பதற்கு இறங்கியும் வருவார். கம்பளி எல்லாவற்றையும் கொண்டு வா. மேஜையில் இந்த வருஷம் மூன்று தட்டு. ஒயரை இழுத்தபோது நான் வீட்டு நம்பரைச் சொல்லவில்லை அக்கா. புகைபோக்கிக்குள் தலையை விட்டு, "இது ஹெல்வியோடது" என்று கத்தினேன். மூன்று மாடிக்கும் கேட்டது.