நெற்றிக் காசு

நாணல்நாட்டு அரசருக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று நாட்டை ஆள்வது. அதை மந்திரிகள் பார்த்துக்கொண்டார்கள். மற்றொன்று அபூர்வமான காசுகளைச் சேகரிப்பது. அதை அவரே பார்த்துக்கொண்டார்.

அவருடைய சேகரிப்பில் உயர்ந்தது ஒரு செப்புக்காசு. பாட்டனார் காலத்தில் அச்சு வெட்டியவன் கை தவறி யானைக்கு இரண்டு வால் வைத்துவிட்டான். மூன்றே காசு வெளியே வந்தது. நான்காவது வருவதற்குள் அவன் கையை வெட்டிவிட்டார்கள். அந்தக் காசுக்கு நூறு குதிரை தருவதாக ஒரு வெளிநாட்டு வணிகன் சொன்னான். அரசர் காசைக் கொடுக்கவில்லை, யோசிக்கத் தொடங்கினார். நாட்டைச் சனி பிடித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் சபையில் அவர் கேட்டார்: “சிகாமணியாரே, ஒற்றை வால் யானைக் காசுக்கு என்ன கிடைக்கும்?”

“ஒரு படி கடலை கிடைக்கும் பிரபு,” என்றார் பொக்கிஷ மந்திரி சிகாமணியார்.

“இரட்டை வாலுக்கு?”

“நூறு குதிரை.”

“ஏன்?”

“அது அரிது. இது எங்கும் கிடைப்பது.”

“ஆக, நம் குடிகள் ஏழைகளாக இருப்பது அவர்களிடம் சாதாரணக் காசு இருப்பதால்தான்.”

சிகாமணியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை எளிய உண்மை இத்தனை தலைமுறையாக ஒருவருக்கும் தோன்றவில்லையே என்றார். தோன்றாததற்குக் காரணம் அவர்களுக்கெல்லாம் மூளை இருந்ததுதான். அதை யாரும் சொல்லவில்லை.

ஆணை வந்தது. ஊரிலுள்ள பழைய காசெல்லாம் உருக்கப்படும். அதற்குப் பதில் குடும்பத்துக்கு ஒரே ஒரு காசு. ஒன்றைப்போல் இன்னொன்று இராது. ஒவ்வொன்றும் நூறு குதிரை பெறும். மக்கள் வெயிலில் வரிசையில் நின்று காசைக் கொடுத்தார்கள். நின்ற இடத்திலேயே ஏழு பேர் விழுந்து செத்தார்கள். ஆனந்தம் தாங்காமல் இறந்ததாக அரண்மனை அறிவித்தது.

தோணித்துறையில் பனங்கிழங்கு அவித்து விற்கும் மாடத்திக்கு, அரசர் மயில்மேல் வீற்றிருக்கும் காசு கிடைத்தது. அவள் புருஷன் சங்கிலிக்கு இளைப்பு நோய். வாராவாரம் லேகியம் உள்ளே போனால்தான் மூச்சு வெளியே வரும். அவள் காசை முந்தியில் முடிந்துகொண்டு வைத்தியர் வீட்டுக்குப் போனாள்.

வைத்தியர் காசைப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். “தாயி, இது நூறு குதிரைக் காசு. லேகியம் ஒரு கோழி முட்டைகூடப் பெறாது. மிச்சத்துக்கு நான் எங்க போவேன்? எங்கிட்ட இருக்கிறதும் இதே மாதிரி ஒத்தக் காசுதான்.”

“மிச்சம் வேண்டாம் அய்யா. காச வச்சுக்கிட்டு மருந்தக் குடுங்க.”

“குடும்பத்துக்கு ஒரு காசுதான் இருக்கணும். ரெண்டு இருந்தா பதுக்கல்னு உள்ள தூக்கிப் போட்டுருவான்.”

நாடு முழுக்க இதே கதைதான். எல்லோரும் கோடீஸ்வரர்கள், ஒருவராலும் உப்பு வாங்க முடியவில்லை. ஜனங்கள் என்ன செய்வார்கள்? புளியங்கொட்டையைக் காசாக வைத்துக்கொண்டார்கள். பத்துக் கொட்டைக்கு ஒரு கிழங்கு, ஐம்பது கொட்டைக்கு ஒரு உருண்டை லேகியம். சங்கிலி மறுபடி எழுந்து உட்கார்ந்தான்.

சிகாமணியாருக்குச் செய்தி எட்டியது. “புளியங்கொட்டை மரத்திலேயே காய்க்கிறது பிரபு. இதைவிட மலிவான கள்ளக்காசு உலகத்தில் இல்லை,” என்றார். புளியமரங்களை வெட்டினார்கள். புளியங்கொட்டை வாங்கிய குற்றத்துக்காக வைத்தியர் வீட்டுக்கு முத்திரை வைத்தார்கள். கூடவே, கைபட்டால் அபூர்வக் காசு தேய்ந்துவிடும் என்பதால் அதைக் கண்ணாடிப் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்று இன்னொரு ஆணை. பெட்டி மந்திரியின் மைத்துனர் கடையில் மட்டும் கிடைத்தது. விலை, வீட்டிலிருக்கும் ஆட்டில் பாதி.

முத்திரை வைத்த பதினோராம் நாள் சங்கிலி மூச்சு முட்டிச் செத்தான். மருந்து முத்திரைக்கு அந்தப் பக்கம் ஒரு கைநீளத்தில் இருந்தது. இதைச் சாவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொலை என்று சொன்னால் நாணல்நாட்டில் என்னையும் பெட்டிக்குள் வைப்பார்கள். சரி, வைக்கட்டும். கொலைதான்.

செத்தவர் நெற்றியில் காசு வைக்காமல் அந்த நாட்டில் பாடை எடுப்பதில்லை. வீட்டில் இருந்தது ஒரே காசு. மாடத்தி கண்ணாடியைக் கல்லால் உடைத்து அதை எடுத்து, சந்தனம் தடவி அவன் நெற்றியில் ஒட்டினாள். பாடை தெருமுனை திரும்பும்போது காசுக் கண்காணிப்பாளர் தாண்டவராயர் இரண்டு காவலரோடு வழிமறித்தார்.

“தேசத்தின் சொத்தைப் பிணத்தோடு புதைக்கச் சட்டத்தில் இடமில்லை,” என்றார் அவர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சொன்னார், மரியாதை தெரிந்தவர். “அரசர் உருவம் பொறித்த காசு. அரசரையே புதைப்பதற்குச் சமம்.”

“மருந்துக்குத்தான் செல்லல,” என்றாள் மாடத்தி. “நெத்திக்குமா செல்லாது?”

“ரசீது தருகிறேன் அம்மா.”

“ரசீத எந்த நெத்தியில ஒட்டுறது?”

அவர் காசைப் பெயர்த்தார். சந்தனத்தோடு கொஞ்சம் தோலும் வந்தது. அதைப் பட்டுத்துணியில் துடைத்து உறைக்குள் போட்டார். சங்கிலி வெறும் நெற்றியோடு குழிக்குள் இறங்கினான்.

அதன்பிறகு ஊர்கள் காலியாகத் தொடங்கின. செத்தவர்கள் போக மிச்சம் பேர் ஆற்றைக் கடந்தார்கள். தோணிக்காரன் கூலி கேட்கவில்லை. கடைசித் தோணியில் அவனும் போகும்போது மாடத்தியைக் கூப்பிட்டான்.

“ஏறு மதினி. இங்க இனி யாரு இருக்கா?”

“அந்தக் காசத் திருப்பி வாங்கி அவரு குழியில வச்சுட்டு வாரேன். நீங்க போங்க கொழுந்தனாரே.”

சபையில் சிகாமணியார் நடுங்கிக்கொண்டே வாசித்தார்: “பிரபு, நாட்டில் குடிகள் அருகிவிட்டார்கள். நேற்றுத் தேடியதில் ஒரே ஒருத்திதான் அகப்பட்டாள்.”

அரசர் சிம்மாசனத்திலிருந்து எழுந்தார். கோபத்தால் எழுந்ததாக மந்திரி நினைத்தார். அரசர் முகத்தில் இருந்ததோ இரட்டை வால் யானையை முதன்முதலில் கண்ட நாளின் பூரிப்பு.

“அப்படியானால் ஒரு குடிமகளின் மதிப்பு இப்போது என்ன?”

சிகாமணியாருக்கு உயிர் வந்தது. “வரலாறு காணாத உயர்வு பிரபு,” என்றார். அன்று அரண்மனையில் வெடி வெடித்தார்கள்.

மாடத்தி இப்போது அரண்மனை முகப்பில் ஆளுயரக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். கீழே பொன்னெழுத்தில் ‘மக்கள்’ என்று எழுதியிருக்கிறது. வருகிற வெளிநாட்டாருக்கெல்லாம் அரசர் அவளைக் காட்டி, இவர்கள்தான் இந்நாட்டின் உண்மையான எஜமானர்கள் என்கிறார்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறப்பார்கள். தாண்டவராயர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கும்பிட்டு, அவள் இடதுகையைப் பிடிப்பார். அவள் ஒவ்வொரு தடவையும் அதையேதான் கேட்கிறாள்.

“எம் புருசன் நெத்திக் காசு எங்க?”

“அடுத்த தடவை கண்டிப்பாகத் தந்துவிடுவோம் அம்மா,” என்று சொல்லி, அவள் ஆள்காட்டி விரலில் ஒரு பொட்டு மை வைத்து, அது காய்வதற்குள் பெட்டியை மூடிவிடுகிறார்.